வெளி அழைப்பு உள்ளே வந்து சேரவில்லை: குமுளி ஏலக்காய் ஸ்டோர், ஃப்ரீபிபிஎக்ஸ், மூன்று லைன்

ஏலக்காய்_குமுளி:

எல்லோருக்கும் வணக்கம். குமுளியிலிருந்து வண்டன்மேடு போகிற ரோட்டில் ஒரு ஏலக்காய் ஸ்டோரில் கணக்கும் ஆபீஸும் பார்க்கிறேன். விவசாயிகளிடம் பச்சைக் காய் எடுத்து, உலர்த்தி, தரம் பிரித்து, புற்றடிக்கும் போடிக்கும் ஏலத்துக்கு அனுப்புகிறோம். பாதி வேலை போனில்தான் நடக்கும். முன்பெல்லாம் மேசை மேல் நாலு மொபைல் கிடக்கும், அடிக்கிறதை யார் எடுப்பது என்பதே பெரிய பாடு. அதனால் ஒரு சின்ன கம்ப்யூட்டரில் ஃப்ரீபிபிஎக்ஸ் 17 என்கிற போன் எக்ஸ்சேஞ்ச் மென்பொருள் போட்டிருக்கிறோம் (அடியில் டெபியன் 12, அழைப்புகளைக் கையாளுவது ஆஸ்டரிஸ்க் 22). ஆபீஸ், எடை போடும் இடம், டிரையர் அறை, வாட்ச்மேன் ரூம் எல்லாவற்றிலும் ஐபி போன். உள்ளுக்குள் பேசிக்கொள்வது நன்றாக இருக்கிறது, இங்கிருந்து வெளியே கூப்பிட்டாலும் போகிறது. வெளியிலிருந்து வருகிற அழைப்புதான் வழிக்கு வரவில்லை.

முதல் லைன் 04869 என்று ஆரம்பிக்கும் எண், இன்டர்நெட் வழியாக வரும் போன் இணைப்பு, சிப் ட்ரங்க் என்பார்கள். விவசாயிகளுக்கு இந்த எண்ணைத்தான் புதிதாகக் கொடுக்கிறோம். கூப்பிட்டால் ஒரு பெண் குரல், நீங்கள் அழைத்த எண் சேவையில் இல்லை என்று ஆங்கிலத்தில் சொல்லிவிட்டு வைத்துவிடுகிறது. எந்த எண்ணுக்கு வந்த அழைப்பு யாருக்குப் போக வேண்டும் என்று சொல்கிற இன்பவுண்ட் ரூட்டில் எண்ணை 04869 சேர்த்து முழுசாகப் போட்டிருக்கிறேன், ஒவ்வொரு இலக்கமாகச் சரிபார்த்தும் விட்டேன்.

இரண்டாவது லைன் வேறொரு நிறுவனத்தின் சிப் ட்ரங்க், ஏலத்தில் வாங்குகிற வியாபாரிகளுக்காக. ரெஜிஸ்டர் ஆகியிருக்கிறது என்று பச்சையில் காட்டுகிறது. ஆனால் கூப்பிட்டால் இங்கே போன் அடிப்பதே இல்லை. சர்வரின் பதிவேடான லாகில் மட்டும் 'நோ மேட்சிங் என்ட்பாயின்ட் ஃபவுண்ட்' என்று ஒரு வரி விழுகிறது.

மூன்றாவது பழைய கம்பி லேண்ட்லைன். இதை எடுத்துவிட முடியாது. வயதான விவசாயிகள் பலருக்கு எங்கள் எண் என்றால் இதுதான், மனப்பாடமாக வைத்திருக்கிறார்கள். கம்பி லைனை ஐபிக்கு மாற்றுகிற எஃப்எக்ஸ்ஓ கேட்வே என்கிற பெட்டி வைத்து சர்வரோடு சேர்த்திருக்கிறோம். அழைப்பு வருகிறது, பேசவும் முடிகிறது. அவர்கள் வைத்த பிறகும் சில சமயம் லைன் பிஸியாகவே நின்றுவிடுகிறது. கேட்வேயை அணைத்துப் போட்டால்தான் விடுகிறது.

நாங்கள் நினைக்கிற ஏற்பாட்டையும் சொல்லிவிடுகிறேன். விடிகாலை 5 மணியிலிருந்து கம்பம் பக்கத்துப் பெண்கள் வேலைக்கு ஜீப்பில் மலையேறி வருவார்கள். மழையில் ஜீப் நின்றுவிட்டாலோ, ஒருத்தி வீட்டில் பிள்ளைக்குக் காய்ச்சல் என்றாலோ அந்த நேரத்தில்தான் போன் வரும். அது கங்காணி மொபைலுக்குப் போக வேண்டும். பகலில் ஆபீஸ், இரவில் வாட்ச்மேன். இன்னொன்று: தமிழ்நாட்டு எண்ணிலிருந்து வந்தால் எனக்கும், கேரள எண்ணிலிருந்து வந்தால் ஆபீஸில் இருக்கிற சேச்சிக்கும், வடக்கே இருந்து வந்தால் இந்தி பேசுகிற முதலாளி மகனுக்கும் தானாகப் போகிற மாதிரி வைக்க முடியுமா? எண்ணின் முதல் சில இலக்கங்களை வைத்துப் பிரிக்கலாம் என்று நினைக்கிறேன்.

சீசன் சூடு பிடிப்பதற்குள் சரி செய்தாக வேண்டும். தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

செங்கோட்டை_தம்பி:

அக்கா, ரொம்பச் சுலபம். ஆஸ்டரிஸ்க் சிப் செட்டிங்ஸில் 'அலோ அனானிமஸ் இன்பவுண்ட் சிப் கால்ஸ்' என்று இருக்கும், அதை யெஸ் ஆக்குங்கள். இன்பவுண்ட் ரூட்டில் டிஐடி எண் (கூப்பிடப்பட்ட எண்), காலர் ஐடி எண் (கூப்பிடுகிறவர் எண்) இரண்டு பெட்டியையும் காலியாக விட்டு, பல போன் சேர்ந்து அடிக்கிற ஒரு ரிங் குரூப்புக்கு அனுப்புங்கள். எந்த ட்ரங்க், எந்த எண் என்று பார்க்காமல் வருகிற எல்லாமே அடிக்கும். புனலூரில் ஒரு கடைக்கு இப்படித்தான் போட்டுக் கொடுத்தேன், நன்றாக ஓடுகிறது.

எக்ஸ்சேஞ்ச்_கம்பம்:

டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். இப்போது கம்பம், உத்தமபாளையம் பக்கம் சின்ன ஆபீஸ்களுக்கு இந்த சர்வர்களைப் பார்த்துக் கொடுக்கிறேன்.

செங்கோட்டைத் தம்பி சொன்னதில் பாதி நல்லது. மற்ற பாதியைத் தயவுசெய்து செய்யாதே தாயி. தம்பியும் புனலூர் கடையில் போய் அதை நோ ஆக்கிவிட்டு வருவது நல்லது.

அனானிமஸை யெஸ் ஆக்கினால் உன் இரண்டாவது லைன் அடிக்கும், உண்மைதான். ஆனால் இன்டர்நெட்டில் யார் வேண்டுமானாலும் உன் சர்வரின் ஐபி முகவரிக்கு நேராக அழைப்பு அனுப்பலாம் என்றும் ஆகிவிடும். சிப் அழைப்பு வருகிற வாசலான 5060 என்கிற போர்ட்டைத் தேடிக்கொண்டு இரவும் பகலும் தானியங்கி நிரல்கள் உலகம் முழுக்க அலைகின்றன. நடு ராத்திரி வாட்ச்மேன் போன் அடிக்கும், எடுத்தால் சத்தமே இருக்காது, காலர் ஐடியில் 100, 1000 என்று என்னென்னவோ காட்டும். தொந்தரவோடு போனால் பரவாயில்லை. நாளைக்கு வேறு ஒருவர் வந்து, ஏதோ வேலை செய்யவில்லை என்று, வெளி அழைப்பு இறங்குகிற கான்டெக்ஸ்ட்டை, அதாவது அழைப்பு எந்த விதிகளின்படி நடக்கும் என்கிற பகுதியை, உள் போன்களுக்கான 'ஃப்ரம் இன்டர்னல்' என்று மாற்றிவிட்டால், முகம் தெரியாத ஆள் உன் சர்வருக்குள் இறங்கி உன் ட்ரங்க் வழியாக வெளிநாட்டுக்குப் பேசுவான். பில் ஸ்டோருக்கு வரும். வெளியிலிருந்து வருவது 'ஃப்ரம் பிஎஸ்டிஎன்' அல்லது 'ஃப்ரம் ட்ரங்க்' என்கிற கான்டெக்ஸ்ட்டில்தான் இறங்க வேண்டும். அங்கிருந்து உள்ளே வரத்தான் வழி உண்டு, வெளியே போக வழி இல்லை.

இனி உன் லைன்களைப் பார்ப்போம். ஒரு வெளி அழைப்பு வந்ததும் சர்வர் மூன்று கேள்வி கேட்கிறது. இதைக் கொண்டு வந்தது யார்? எந்த எண்ணைத் தேடி வந்தது? இப்போது யாரிடம் கொடுக்க வேண்டும்? இந்த வரிசை மாறாது. முதல் கேள்விக்குப் பதில் கிடைக்காமல் இரண்டாவதற்குப் போகவே போகாது. நீ எழுதுகிற இன்பவுண்ட் ரூட் இரண்டாவது கேள்விக்கான பதில். உன் முதல் லைன் இரண்டாவது கேள்வியில் நிற்கிறது, இரண்டாவது லைன் முதல் கேள்வியிலேயே நின்றுவிட்டது. அதனால்தான் இரண்டுக்கும் வேறு வேறு அறிகுறி. இரண்டாவது லைனுக்கு ரூட்டை எத்தனை முறை மாற்றி எழுதினாலும் ஒன்றும் நடக்காது.

இரண்டாவது லைனையே முதலில் எடுக்கிறேன். ரெஜிஸ்டர் ஆகிவிட்டது என்று பச்சையில் காட்டுகிறது என்றாய். ரெஜிஸ்ட்ரேஷன் என்பது, நான் இந்த முகவரியில் இருக்கிறேன் என்று நாம் அவர்களுக்குத் தெரிவிப்பது, அவ்வளவுதான். அவர்களிடமிருந்து வருகிற அழைப்பை நம் சர்வர் அடையாளம் கண்டுகொள்ளும் என்று அதற்கு அர்த்தம் இல்லை. ஆஸ்டரிஸ்க்கில் சிப் அழைப்புகளைப் பார்க்கிற பகுதியான பிஜேசிப் முதலில் அனுப்பியவரின் ஐபி முகவரியைப் பார்க்கும். அது பொருந்தாவிட்டால் 'ஃப்ரம்' வரியில் இருக்கிற பெயரைப் பார்க்கும். அதுவும் பொருந்தாவிட்டால் அனானிமஸ், அதை நாம் மூடி வைத்திருக்கிறோம். எதுவுமே பொருந்தாதபோது விழுவதுதான் நீ பார்த்த 'நோ மேட்சிங் என்ட்பாயின்ட்' வரி. நீ ரெஜிஸ்டர் செய்கிற சர்வர் ஒன்று, அழைப்பை அனுப்புகிற சர்வர் இன்னொன்று என்று பல நிறுவனங்களில் பிரித்து வைத்திருப்பார்கள். உன் லாகில் அந்த வரியிலேயே அழைப்பு வந்த ஐபி முகவரி இருக்கும். அதை ட்ரங்க் செட்டிங்கில் போட்டிருக்கிற முகவரியோடு ஒப்பிட்டுப் பார். வேறாக இருந்தால் அந்த நிறுவனத்துக்கு மெயில் போட்டு, அழைப்பு எந்தெந்த முகவரியிலிருந்து வரும் என்று முழுப் பட்டியலை எழுத்தில் வாங்கு. லாகில் வந்த ஒன்றை மட்டும் பார்த்துப் போட்டுக்கொள்ளாதே. இன்றைக்கு ஒரு முகவரி, நாளைக்கு லோடு ஏறினால் இன்னொன்று என்று வரும். வாங்கின பட்டியலை ட்ரங்க்கின் பிஜேசிப் பகுதியில் 'மேட்ச் பெர்மிட்' என்கிற பெட்டியில் காற்புள்ளி போட்டு எழுது. அதே இடத்தில் 'செண்ட் லைன் இன் ரெஜிஸ்ட்ரேஷன்' என்றும் ஒன்று இருக்கும், அதை யெஸ் ஆக்கு. ரெஜிஸ்டர் ஆகும்போது நம் முகவரியோடு ஒரு அடையாளச் சொல்லை ஒட்டி அனுப்பும். அவர்கள் அதை மாற்றாமல் திருப்பி அனுப்பினால் ஐபி மாறினாலும் கண்டுபிடித்துவிடும்.

முதல் லைனில் அந்த ஆங்கிலக் குரல் உன் சர்வரே பேசுவது, டெலிபோன் நிறுவனம் பேசுவது அல்ல. அழைப்பு உன் கம்ப்யூட்டர் வரைக்கும் வந்துவிட்டது, பொருந்துகிற ரூட் இல்லாததால் சர்வர் அந்த அறிவிப்பைப் போட்டுவிட்டது. நீ எண்ணைச் சரியாகத்தான் எழுதியிருக்கிறாய். அவர்கள் அதே மாதிரி அனுப்புகிறார்களா என்பதுதான் கேள்வி. ஆஸ்டரிஸ்க் கன்சோலில் 'பிஜேசிப் செட் லாகர் ஆன்' என்று அடித்துவிட்டு மொபைலிலிருந்து ஒரு முறை கூப்பிடு. (இணையத்தில் கிடைக்கிற பழைய குறிப்புகளில் 'சிப் ஷோ பியர்ஸ்' என்றெல்லாம் இருக்கும். அந்தப் பழைய சிப் டிரைவரையே ஆஸ்டரிஸ்க் 21லிருந்து எடுத்துவிட்டார்கள், அந்தக் கட்டளைகள் உனக்கு வேலை செய்யாது.) திரையில் ஓடுவதில் அழைப்பைத் தொடங்குகிற செய்தியின், 'இன்வைட்' என்று ஆரம்பிக்கிற முதல் வரியையும் 'டூ' என்கிற வரியையும் அப்படியே எடுத்து எழுதிக்கொள். பூஜ்ஜியத்தோடு வருகிறதா, ப்ளஸ் 91 என்று வருகிறதா, ப்ளஸ் இல்லாமல் 91 என்று வருகிறதா, வெறும் பத்து இலக்கமா, இல்லை எண்ணே இல்லாமல் உன் அக்கவுன்ட் பெயர் வருகிறதா? எனக்குத் தெரிந்து ஐந்து விதமும் உண்டு. சர்வருக்கு ஒரு எழுத்து வேறாக இருந்தாலும் அது வேறு எண்தான்.

வருகிற விதத்திலேயே ரூட்டில் எழுதிவிட்டால் இன்றைக்கு வேலை முடியும். நான் அதோடு விடுவதில்லை. நம் நாட்டில் முன்னால் வருகிற பூஜ்ஜியத்தையும் 91ஐயும் கழித்தால் எந்த மொபைல், லேண்ட்லைன் எண்ணும் பத்து இலக்கம்தான். உன் 04869ம் அப்படித்தான், 4869 நாலு, பின்னால் ஆறு. அதனால் நாமே விதி எழுதுகிற கஸ்டம் எக்ஸ்டென்ஷன் ஃபைலில் ஒரு கான்டெக்ஸ்ட் எழுதி, எந்த ட்ரங்க்கிலிருந்து எந்த வடிவில் வந்தாலும் கடைசிப் பத்து இலக்கத்தை மட்டும் எடுத்து 'ஃப்ரம் ட்ரங்க்'குக்கு அனுப்பச் சொல்லிவிடுவேன். எண்ணில் தொடங்குவதற்கு ஒரு வரி, ப்ளஸ்ஸில் தொடங்குவதற்குத் தனியாக ஒரு வரி. இரண்டாவதை மறந்துவிடக் கூடாது, இலக்கங்களுக்கான பேட்டர்ன் ப்ளஸ் குறியைப் பிடிக்காது. அப்புறம் ட்ரங்க்கின் கான்டெக்ஸ்ட் பெட்டியில் அந்தப் பெயரைக் கொடுத்தால் போதும். ரூட்டில் எல்லா எண்ணையும் பத்து இலக்கமாக எழுதலாம்.

தம்பி சொன்னதில் நல்ல பாதி கடைசி ரூட். டிஐடி, காலர் ஐடி இரண்டும் காலியாக ஒரு ரூட் அவசியம் இருக்கட்டும். மற்ற ரூட் எதிலும் பொருந்தாதது மட்டும்தான் அதில் விழும். அதை ஆபீஸ் போனுக்கு அனுப்பு, எண்ணுக்கு முன்னால் 'வழி தெரியாதது' என்று காட்டும்படி காலர் ஐடி முன்னொட்டு கொடு. மலையேறி வந்து ஏமாந்து திரும்பின ஆள் கீழே போய் ஊருக்கே சொல்லுவார். போனில் ஏமாந்தவர் யாரிடமும் சொல்ல மாட்டார், அடுத்த ஸ்டோருக்குக் காயைக் கொடுத்துவிட்டுப் போய்விடுவார், உனக்குத் தெரியவே தெரியாது.

மூன்றாவது லைனை அப்புறம் எழுதுகிறேன். கேட்வே செட்டிங்கில் 'டிஸ்கனெக்ட்' என்று வருகிற இடங்களில் என்ன போட்டிருக்கிறது என்று பார்த்துச் சொல்.

ஏலக்காய்_குமுளி:

அய்யா, ரொம்ப நன்றி. நீங்கள் சொன்ன வரிசையிலேயே செய்தேன்.

முதல் லைன் ப்ளஸ் 91 என்று வருகிறது. கடைசிப் பத்து இலக்கம் எடுக்கிற கான்டெக்ஸ்ட் எழுதியதும் ஆபீஸ் போன் அடித்துவிட்டது. சேச்சி ஓடி வந்து எடுத்தார்.

இரண்டாவது லைனுக்கு நிறுவனம் ஐபி முகவரிகளின் பட்டியல் அனுப்பியது. லாகில் இருந்தது அதில் இருக்கிறது, நாங்கள் போட்டிருந்தது வேறு. எழுதிப் போட்ட பிறகு 'நோ மேட்சிங்' வரி நின்றுவிட்டது. ஆனால் இப்போது கடைசி ரூட்டில் போய் விழுகிறது, 'வழி தெரியாதது' என்று காட்டுகிறது. இன்வைட் வரியில் எங்கள் எண் இல்லை, அக்கவுன்ட் பெயர் இருக்கிறது. 'டூ' வரியில்தான் எண் இருக்கிறது. முதல் கேள்வியைத் தாண்டி இரண்டாவதில் நிற்கிறது என்று புரிகிறது.

கேட்வேயில் 'பிஸி டோன்' என்கிற இடத்தில் நாட்டின் பெயர் அமெரிக்கா என்று இருக்கிறது. 'போலாரிட்டி ரிவர்சல்' என்று ஒன்று டிக் ஆகியிருக்கிறது. எதை மாற்ற வேண்டும்?

மொழி வாரியாகப் பிரிப்பது பற்றி நீங்கள் ஒன்றும் சொல்லவில்லையே அய்யா?

எக்ஸ்சேஞ்ச்_கம்பம்:

நன்றாகச் செய்திருக்கிறாய். இரண்டாவது லைனுக்கு மட்டும் தனியாக ஒரு கான்டெக்ஸ்ட் எழுது. எண்ணை இன்வைட் வரியிலிருந்து எடுக்காமல், பிஜேசிப் ஹெடர் ஃபங்ஷனால் 'டூ' ஹெடரைப் படித்து, சிப் என்பதற்குப் பின்னால் இருக்கிற முக்காற்புள்ளிக்கும் அட் குறிக்கும் நடுவில் உள்ளதை வெட்டி எடு, அதிலிருந்து கடைசிப் பத்து இலக்கம். ட்ரங்க் செட்டிங்கில் 'கான்டாக்ட் யூசர்' என்று ஒரு பெட்டி உண்டு, அங்கே உன் எண்ணைக் கொடுத்தால் இன்வைட் வரியிலேயே எண் வந்துவிடவும் வாய்ப்பு உண்டு. அந்த அக்கவுன்டில் ஒரே ஒரு எண் என்றால் அதை முதலில் முயற்சி செய். நாளைக்கு இன்னும் இரண்டு எண் சேர்ப்பதாக இருந்தால் 'டூ' வழிதான் சரி.

கேட்வேயில் நாட்டை இந்தியா என்று மாற்று. அந்தப் பெயர் பட்டியலில் இல்லாவிட்டால் கையால் போடு: நம் ஊர் பிஸி டோன் 400 ஹெர்ட்ஸ், 750 மில்லிசெகண்ட் சத்தம், 750 மில்லிசெகண்ட் மௌனம். லைன் நெரிசலுக்கான கன்ஜஷன் டோன் அதே 400 ஹெர்ட்ஸ், 250க்கு 250. எதிர்முனை வைத்ததும் எக்ஸ்சேஞ்ச் அனுப்புகிற டோனைக் கேட்டுத்தான் கேட்வே லைனை விடும். அமெரிக்க பிஸி டோன் 480ம் 620ம் சேர்ந்தது. அதையே எதிர்பார்த்துக் காத்திருக்கிற கேட்வேக்கு நம் டோன் புரியாது, பிடித்துக்கொண்டே நிற்கும். போலாரிட்டி ரிவர்சல், அதாவது பேச்சு தொடங்கியதையும் முடிந்ததையும் கம்பியின் மின்முனையை மாற்றிக் காட்டுவது, எல்லா எக்ஸ்சேஞ்சும் எல்லா லைனுக்கும் தருவதில்லை, கேட்டு வாங்க வேண்டும். உங்கள் எக்ஸ்சேஞ்சில் அது இல்லையென்றால் டிக்கை எடுத்துவிடு. லேண்ட்லைனில் காலர் ஐடி வராவிட்டால் கேட்வேயில் எண்ணைப் படிக்க டிடிஎம்எஃப், எஃப்எஸ்கே என்று இரண்டு வழி இருக்கும், மாற்றி மாற்றிப் பார். இன்னொன்று, கம்பி லைனில் எந்த எண்ணைத் தேடி வந்தது என்கிற தகவலே வராது. கேட்வேயில் நீயே அந்த லைனுக்கு உன் லேண்ட்லைன் எண்ணை எழுதி சர்வருக்கு அனுப்பச் சொல், ரூட் அதைப் பிடித்துக்கொள்ளும்.

மொழி விஷயத்துக்கு வருகிறேன். எண்ணைப் பார்த்து ஆளைப் பிரிக்காதே தாயி. 2015 ஜூலையிலிருந்து மொபைல் எண்ணை வைத்துக்கொண்டே நாடு முழுக்க எந்த மாநிலத்துக்கும் மாறிக்கொள்ளலாம். அதற்கு முன்னாலேயே நம் எல்லையில் நிலைமை வேறு. கம்பத்திலிருந்து மலையேறி வருகிற பெண்கள் பலரிடம் இடுக்கியில் வாங்கிய சிம் இருக்கும், தோட்டத்தில் அதுதான் எடுக்கும். வண்டன்மேட்டு மலையாளி முதலாளிக்கு போடியில் வாங்கின தமிழ்நாட்டு எண் இருக்கும். அணைக்கரை, சக்குபள்ளம் பக்கம் தலைமுறையாக இருக்கிற தமிழ்க் குடும்பங்களிடம் கேரள எண்தான் இருக்கும், அவர்களை எண்ணைப் பார்த்து மலையாளத்தில் வரவேற்றால் எப்படி இருக்கும்? லேண்ட்லைன் கோடு மட்டும் இன்னும் ஊரைச் சொல்லும், 04869 பீர்மேடு பக்கம், 04554 எங்கள் பக்கம், 04546 தேனி. ஆனால் ஊர் தெரிந்தால் மொழி தெரிந்ததாக ஆகாது.

இதற்கு நான் செய்கிற ஏற்பாடு: உன் கணக்குப் புத்தகத்தில் விவசாயிகள் எண் எல்லாம் இருக்குமே, பெயரோடும் அவர் பேசுகிற மொழியோடும் சர்வரில் ஏற்று. அழைப்பு வந்ததும் எண்ணைத் தேடி, தெரிந்தவர் என்றால் பெயர் போன் திரையில் வரும், அவர் மொழி பேசுகிறவருக்கு முதலில் அடிக்கும். தெரியாத எண் என்றால் மட்டும் ஒரு சின்ன வரவேற்பு: தமிழுக்கு 1, மலையாளத்துக்கு 2, இந்திக்கு 3, அந்தந்த மொழியிலேயே ஒரே மூச்சில். சேச்சியும் நீயும் உங்கள் குரலில் பதிவு செய்யுங்கள். எதையும் அழுத்தாவிட்டால் 5 செகண்டில் ஆபீஸ் கியூவுக்கு நேராகப் போகட்டும், மறுபடி மறுபடி கேட்க வைக்க வேண்டாம். எழுபது வயதுக்காரர் காதிலிருந்து போனை எடுத்து, கண்ணாடியைப் போட்டு, எண்ணைத் தேடி அழுத்துவதற்குள் பொறுமை போய்விடும். லேண்ட்லைனில் வருகிறவர்களுக்கு அந்த வரவேற்பே வேண்டாம், மணி அடித்தால் ஆள் எடுக்கட்டும்.

கங்காணி மொபைலுக்கு அனுப்புவதில் மூன்று விஷயம். உள்ளே வந்த அழைப்பு ஒரு சேனல் (ஒரே நேரத்தில் ஒரு பேச்சுக்கான இடம்), வெளியே போகிற அழைப்பு இன்னொரு சேனல். ட்ரங்க்கில் இரண்டே சேனல் என்றால் ஒரு பெண் பேசிக்கொண்டிருக்கும்போது அடுத்தவளுக்கு பிஸி வரும். காலை நேரத்துக்காகவாவது நாலு சேனல் கேள். அடுத்தது, அவர் மொபைலில் ஸ்டோர் எண்தான் தெரியும், கூப்பிட்டவர் எண் தெரியாது. உங்களுக்கு ஒதுக்கப்படாத எண்ணைக் காட்ட நிறுவனம் விடாது. அதனால் பெயரையும் ஊரையும் முதலில் கேட்கச் சொல். மூன்றாவது, ரிங் குரூப்பில் 'கன்ஃபர்ம் கால்ஸ்' போடு. அவர் 1 அழுத்தினால்தான் இணையும். கம்பம்மெட்டு வளைவுகளில் டவர் இருக்காது, அவர் மொபைல் வாய்ஸ் மெயிலுக்குப் போனாலோ ஏதாவது பதிவுக் குரல் எடுத்தாலோ சர்வர் அதை ஆள் எடுத்ததாக நினைத்துக்கொண்டு நின்றுவிடும். 20 செகண்டில் அவர் எடுக்காவிட்டால் அடுத்த ஆள் யார் என்பதையும் எழுதி வை. விடிகாலைப் போன் மட்டும் எங்கும் தொலைந்து போகக் கூடாது. பிள்ளைக்குக் காய்ச்சல் என்று சொல்லக் கூப்பிட்டவள், யாரும் எடுக்காததால் அன்றைக்கு வராமல் இருந்துவிட்டு மறுநாள் திட்டு வாங்குவாள்.

கொழிஞ்சாம்பாறை_சிவப்புமண்:

அய்யா சொன்னதோடு இரண்டு சேர்த்துக்கொள்கிறேன் அக்கா, எங்கள் பால் சொசைட்டியில் பட்டது.

நேரம் வைத்துப் பிரிக்கிற 'டைம் கண்டிஷன்' போடும் முன் சர்வரின் நேர மண்டலம் கொல்கத்தா என்று இருக்கிறதா என்று பாருங்கள். உலகப் பொது நேரத்தில் இருந்தால் ஐந்தரை மணி நேரம் பிந்தி நடக்கும். காலை 5 மணி ரூட் 10:30க்குத்தான் முழிக்கும், அதுவரை எல்லாம் வாட்ச்மேனுக்குப் போகும்.

அப்புறம், வருகிற அழைப்பு எடுத்துப் பேசுகையில் சரியாக 32 செகண்டில் அறுந்தால் ரூட்டில் தேடாதீர்கள். நாம் எடுத்துவிட்டோம் என்று சொன்னதற்கு அவர்கள் அனுப்புகிற பதில் நம்மிடம் வந்து சேரவில்லை என்று அர்த்தம். சிப் விதிப்படி அவ்வளவு நேரம் காத்திருந்துவிட்டு சர்வரே வைத்துவிடும். ஒரு பக்கம் மட்டும் குரல் கேட்பதும் இதே குடும்பம்தான். மோடத்தில் சிப் செய்திகளை இடையில் மாற்றிவிடுகிற 'சிப் ஏஎல்ஜி' என்று இருப்பதை அணையுங்கள். ஃப்ரீபிபிஎக்ஸ் சிப் செட்டிங்ஸில் வெளி ஐபி முகவரியும் உள் நெட்வொர்க்கும் சரியாக இருக்கட்டும், குரலுக்கான 10000 முதல் 20000 வரையிலான யூடிபி போர்ட்டுகள் சர்வருக்குத் திரும்பட்டும். 5060ஐ உலகத்துக்கே திறக்காமல் அந்த இரண்டு நிறுவனங்களின் முகவரிகளுக்கு மட்டும் திறந்தால் போதும்.

செங்கோட்டை_தம்பி:

அய்யா, புனலூர் கடையில் அனானிமஸை மூடிவிட்டேன். மூடின பிறகு ட்ரங்க் அழைப்பு வரவில்லை, அங்கேயும் ஐபி பட்டியல்தான் இல்லை. வாங்கிப் போட்டதும் வந்துவிட்டது. ராத்திரி சத்தமில்லாத போன் வருகிறது என்று கடைக்காரர் முன்பே சொல்லிக்கொண்டிருந்தார், இப்போது காரணம் தெரிந்தது.

ஏலக்காய்_குமுளி:

கொழிஞ்சாம்பாறைத் தம்பிக்கும் நன்றி. நேர மண்டலம் உலகப் பொது நேரத்தில்தான் இருந்தது, மாற்றிவிட்டேன். கான்டாக்ட் யூசரில் எண்ணைக் கொடுத்ததுமே இரண்டாவது லைன் சரியாகிவிட்டது. கேட்வேயில் பிஸி டோனை 400 ஹெர்ட்ஸ் ஆக்கிய பிறகு லைன் மாட்டிக்கொள்ளவில்லை. விவசாயிகள் எண்களை ஏற்றிக்கொண்டிருக்கிறேன், மொழி என்கிற கட்டத்தில் நிறைய பேருக்கு 'இரண்டும்' என்றுதான் எழுத வேண்டியிருக்கிறது. அவர்களை யார் முதலில் எடுத்தாலும் சரி என்று விட்டுவிட்டேன்.

ஒரு கேள்வி பாக்கி. இடவப்பாதி (தென்மேற்குப் பருவ) மழையில் இங்கே கரன்ட் போனால் மணிக்கணக்கில் வராது, மரம் விழுந்து ஃபைபர் அறுந்தால் அதைவிட மோசம். அப்போது சர்வரே இல்லை, ரூட் இருந்து என்ன பயன்?

எக்ஸ்சேஞ்ச்_கம்பம்:

சரியான கேள்வி. சர்வர் படுத்துவிட்டால் ரூட்டை முடிவு செய்கிற இடம் உன்னிடம் இல்லை, ட்ரங்க் நிறுவனத்திடம் இருக்கிறது. இரண்டு நிறுவனத்திடமும், எங்கள் சர்வர் பதில் சொல்லாவிட்டால் இந்த மொபைலுக்குத் திருப்பிவிடுங்கள் என்று எழுதிக் கொடு. சிலர் அவர்கள் வெப் பக்கத்திலேயே அந்த வசதி வைத்திருப்பார்கள். சொல்லிவிட்டோம் என்று இருந்துவிடாதே. மழைக்கு முன்னால் ஒரு நாள் சர்வரின் நெட்வொர்க் வயரைப் பிடுங்கிவிட்டு இரண்டு எண்ணுக்கும் கூப்பிட்டுப் பார். ரெஜிஸ்ட்ரேஷன் காலாவதி ஆகும்வரை சில நிறுவனங்கள் நீ இருப்பதாகவே நினைத்துக்கொள்ளும். திருப்பிவிட ரொம்ப நேரம் எடுத்தால் ட்ரங்க் செட்டிங்கில் காலாவதி நேரத்தைக் குறை.

கம்பி லைனுக்கு உன் கரன்ட் தேவையில்லை. எக்ஸ்சேஞ்சின் பேட்டரியிலிருந்து 48 வோல்ட் அந்தக் கம்பியிலேயே வருகிறது. அதனால் கேட்வேக்குப் போகும் முன் அந்த லைனில் ஒரு சாதாரணப் போனை, பட்டன் போன் போதும், அடாப்டர் கேட்காத போனை, இணையாக மாட்டி வாட்ச்மேன் ரூமில் வை. கரன்ட் இருக்கும்போது அது அடித்தாலும் கேட்வே எடுத்துக்கொள்ளும், கரன்ட் போனால் வாட்ச்மேன் எடுக்கலாம். அந்தப் பழைய எண்ணை மனப்பாடமாக வைத்திருக்கிறார்கள் என்றாயே, மழை நாளில் அவர்கள் எல்லோருக்கும் அது வேலை செய்யும்.

வாரத்துக்கு ஒரு முறை அழைப்புப் பட்டியலில் 'வழி தெரியாதது' என்று வந்தவற்றை மட்டும் எடுத்துப் பார். அதில் உன் சொந்த எண்ணே வந்து விழுந்திருந்தால் நிறுவனம் அனுப்புகிற வடிவத்தை மாற்றிவிட்டது என்று அர்த்தம், அன்றைக்கே லாகரைப் போட்டுப் பார்த்துவிடு. ஐபி மாறினால் அது இந்தப் பட்டியலில் வராது, 'நோ மேட்சிங்' என்று லாகில்தான் விழும். இரண்டையும் சேர்த்தே பார்.